மலைச் சரக்குக்கு எந்த வண்டி?
இரு பிக்கப் வண்டிகளை ஒப்பிட்டு அறியும் பாடம்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று சரக்கு வண்டி வாங்கலாம் என்று தீர்மானித்த அன்றே, "எந்தக் கம்பெனி வண்டி?" என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. அக்கேள்வி எழுந்த அரை மணி நேரத்திற்குள் அங்கத்தினர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவதும் உண்டு. ஒருவருடைய மைத்துனர் ஒரு வண்டியை ஓட்டி நல்ல பெயர் சொல்லியிருப்பார். இன்னொருவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அதே வண்டியால் நஷ்டப்பட்டிருப்பார். இவ்வாறு கேள்விப்பட்ட செய்திகளைக் கொண்டு பல லட்சம் ரூபாய் பெறுமான பொருளை வாங்குவது சங்கத்திற்குப் பொருந்துமா? பணம் ஒருவருடையதன்று, அங்கத்தினர் அனைவருடையது. வண்டி சரியாக அமையாவிட்டால் அழுகிப்போகும் பலாப்பழமும் அனைவருடையதே. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமற் போனாலோ, இழப்பைப் பணத்தால் அளவிட முடியாது.

ஆகவே இம்மாதப் பாடத்தில் கொல்லிமலையை உதாரணமாகக் கொண்டு, இன்று சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு பெரிய பிக்கப் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று மகிந்திரா கம்பெனியின் பொலிரோ மேக்ஸ் பிக்கப். மற்றொன்று டாட்டா கம்பெனியின் யோதா. எந்தக் கம்பெனிக்கும் பரிந்து பேசுவது நமது நோக்கமன்று. தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்வதே நோக்கம். முறை தெரிந்தால், நாளை வேறு இரண்டு வண்டிகள் வந்தாலும் நாமே முடிவு செய்யலாம்.

இரு வண்டிகளின் வரலாறு

மகிந்திரா கம்பெனி 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1947 முதல் வில்லிஸ் ஜீப் வண்டிகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. மலை நாட்டு மக்களுக்கு ஜீப் பழக்கமான வண்டியே. டாட்டாவின் வண்டிக் கம்பெனியும் 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதுதான். அக்கம்பெனி 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளைக் கட்டத் தொடங்கியது. ஆக, ஒன்று ஜீப்பின் வழியிலும் மற்றொன்று லாரியின் வழியிலும் பிக்கப் வண்டிக்கு வந்து சேர்ந்தன. டாட்டாமொபைல் என்ற பிக்கப் 1988இல் வந்தது; யோதா 2017இல் வந்தது. 2,000 கிலோ சுமக்கும் யோதா 2.0 என்னும் வகை 2022 செப்டம்பரில் வெளியாயிற்று. அதற்கு எதிராக, 2,000 கிலோ வரை சுமக்கும் வகையை உள்ளடக்கிய பொலிரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி. வரிசை 2023 ஏப்ரலில் வெளியாயிற்று.

இவ்விரண்டின் முக்கிய அளவுகள் வருமாறு: பொலிரோ மேக்ஸ் எச்.டி. வண்டியின் டீசல் எஞ்சின் 2,523 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. சுமார் 80 குதிரைத் திறனும், 220 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருவது. யோதா 2.0 வண்டியின் எஞ்சின் 2,179 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. 100 குதிரைத் திறனும், 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருவது. இரண்டும் பின் சக்கர இழுவை கொண்டவை. இரண்டின் பின்புறமும் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் நிற்பவை.

இந்த எண்களைப் பார்த்த மாத்திரத்தில், "100 பெரிதா, 80 பெரிதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். யோசிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் தொடங்குகிறது.

சரக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா?

விளம்பரங்களில் வண்டி எப்போதும் மலையேறிக்கொண்டிருக்கும். ஆனால் கொல்லிமலை விவசாயியின் சரக்கு எங்கே போகிறது? அன்னாசி, பலா, வாழை, மிளகு, காப்பி, மரவள்ளிக் கிழங்கு, சாமை, தினை ஆகிய எல்லாம் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன. வண்டி பாரத்தோடு இறங்குகிறது. பெரும்பாலும் வெறுமையாகவோ பாதிச் சுமையுடனோ ஏறுகிறது. உரம், சிமெண்டு, மளிகைச் சாமான் ஆகியவையே மேலே ஏறுபவை. ஆகவே நமது முதல் கேள்வி "எது வேகமாக ஏறும்?" என்பதன்று, "எது பாரத்தோடு பத்திரமாக இறங்கும்?" என்பதே.

ஏற்றத்திற்கு வேண்டிய திறனையும் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 3,500 கிலோ என்று கொள்வோம். 12 அடி தூரத்திற்கு 1 அடி உயரும் சரிவில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, சக்கரங்களின் உராய்வையும் கியர்களில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 30 குதிரைத் திறன் போதும். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் 20 கிலோமீட்டர் வேகமே அதிகம் எனலாம். ஆதலால் 80 குதிரைத் திறனும் போதும், 100 குதிரைத் திறனும் போதும். மிகையான 20 குதிரைகளுக்குச் சமவெளிச் சாலையில் வேலை உண்டு, வளைவில் இல்லை. வளைவில் உதவுவது, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் இழுக்கும் முறுக்கு விசையே. அவ்வகையில் யோதாவுக்குச் சிறிது மேன்மை உண்டு. நிறைந்த சுமையை அடிக்கடி மேலே ஏற்ற வேண்டிய சங்கம் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

இறக்கத்தில் பிரேக் படும் பாடு

கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரம் வரை வண்டி 800 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 3,500 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் எங்காவது போய்த்தான் தீரவேண்டும். அது முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறுமானால், சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பமாகும். கல்யாண வீட்டில் பெரிய அண்டா நிறையத் தண்ணீரை எவ்வளவு விறகு எரித்துக் கொதிக்க வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களின் சிறு உலோகப் பரப்புகள் தாங்க வேண்டுமென்றால் என்ன ஆகும்?

பிரேக் லைனிங் அளவு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறைந்துவிடும். ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முன்போல் நிற்காது. மேலும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி நிறைந்த குழாயில் மிதி தரைவரை அமிழ்ந்துபோகும், பிரேக் பிடிக்காது. மலைப்பாதை விபத்துகள் பலவற்றிற்கு இதுவே காரணம். வண்டி எந்தக் கம்பெனியுடையதாயினும் இந்த விதி ஒன்றுதான்.

இதற்குப் பரிகாரம் கியரில் இருக்கிறது. எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏற வேண்டுமோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அனுபவமுள்ள ஓட்டுநர்களின் பழைய விதி. அப்போது பாரத்தின் பெரும்பகுதியை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். பிரேக் வளைவுகளில் மட்டும் உதவினால் போதும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் உருட்டிவிடுபவர் சங்கத்துக்குச் சேமித்துத் தருவது ஒன்றுமில்லை. தம் உயிரையே பணயம் வைக்கிறார். நிர்வாகக் குழு இதனை எழுத்து மூலமான விதியாகவே வைக்க வேண்டும். பிரேக் எண்ணெயைத் தவறாமல் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டியே வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அவ்வாறு நின்று வழிவிடவும் பிரேக் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும்.

எடைச் சுமையும் இடச் சுமையும்

நம் அங்கத்தினர்களில் விவசாயிகளும் உண்டு, நெசவாளர்களும் உண்டு. இவ்விருவரின் சரக்கும் ஒரே வகையானதன்று. மரவள்ளிக் கிழங்கு மூட்டை சிறிய இடத்தில் பெரிய எடை. வண்டியின் தட்டு பாதி நிறையும் முன்பே அனுமதித்த எடை நிறைந்துவிடும். இராசிபுரம் பக்கத்து நெசவாளர் சங்கம் ஏற்றும் நூல் கட்டுகளும் நெய்த துணிகளும் அவ்வாறல்ல. தட்டு நிறைந்தாலும் எடை நிறையாது. முன்னவருக்கு வேண்டியது தாங்கும் வலிமை. பின்னவருக்கு வேண்டியது நீண்ட தட்டும், மழை புகாத மேல்மூடியும், ஏற்றி இறக்கத் தாழ்வான தளமும் ஆகும்.

ஆகவே நெசவாளர் சங்கம் ஒன்று 2,000 கிலோ சுமக்கும் வண்டியை வாங்கினால், தான் ஒருபோதும் ஏற்றாத எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்ததாகும். எடை குறைந்த, தட்டு நீண்ட வகையே அதற்குப் பொருத்தம். பொலிரோ மேக்ஸ் வரிசையில் 1.3 டன் முதல் 2 டன் வரை பல வகைகள் உள்ளன. யோதாவிலும் சுமை வேறுபாட்டுக்கு ஏற்ப வகைகள் உண்டு. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தட்டின் நீளத்தை விலைப் பட்டியலில் மட்டும் பார்த்தால் போதாது. வண்டி நீளமாக நீளமாக, அது திரும்புவதற்கு வேண்டிய இடமும் பெரும்பாலும் அகலமாகும். கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல், பின்னுக்கு வந்து மறுபடி திருப்ப நேர்ந்தால், கிளட்ச் தேய்கிறது, நேரம் போகிறது, பின்னால் வரும் பேருந்து காத்து நிற்கிறது. மேலும், சுமையைத் தட்டின் பின்கோடியில் குவித்து ஏற்றினால், ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் ஸ்டீரிங் பிடிமானம் குறையும். கனமான மூட்டைகள் முன்புறமாகவும் தாழ்வாகவும் இருக்குமாறு ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

சட்டம் வகுத்த அளவு

"இரண்டு டன் வண்டியில் மூன்று டன் ஏற்றினாலும் தாங்கும்" என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஸ்பிரிங் பட்டை தாங்கலாம், இறக்கத்தில் பிரேக் தாங்காது, சட்டமும் தாங்காது. வண்டியின் பதிவுச் சான்றில் மொத்த எடை, வெற்றெடை என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க எடை. உதாரணமாக, மொத்த எடை 3,500 கிலோ, வெற்றெடை 1,600 கிலோ என்றால், மீதி 1,900 கிலோ. நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே கொடுத்துப் பக்கக் கம்பிகளும் மேல் சட்டமும் பூட்டி 150 கிலோ கூட்டினால், அந்த 150 கிலோவைச் சரக்கிலிருந்து குறைத்துக்கொள்ள வேண்டும். மீதி 1,750 கிலோதான். ஓட்டுநர், உதவியாளர் எடையும் அதிலேயே அடங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அளவுக்கு மேல் சுமை ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மிகைச் சுமையை அங்கேயே இறக்கிவைக்கவும் வேண்டும். இறக்கிவைத்த அன்னாசிப் பழம் சாலையோரத்தில் என்ன விலைக்குப் போகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேறு இரண்டு செய்திகளும் இங்கே நினைவிற்கொள்ளத் தக்கவை. முதலாவது, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, அச்சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. 2 டன் சுமக்கும் வகைகள் இந்த எல்லையைத் தாண்டிவிடும். சிறு வகைகள் சில எல்லைக்குள் அடங்கக்கூடும். இரண்டாவது, இலகு ரக வாகன உரிமம் பெற்றவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. உரிமம் போதுமானது, ஆனால் மலைப்பாதைக்கு உரிமம் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும்.

சந்தைக்குப் போகும் வண்டியில் ஆட்களை ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். "நம் சங்கத்து வண்டி, நம் அங்கத்தினர், ஏறிக்கொள்ளட்டும்" என்னும் நல்ல மனத்தோடுதான் இது தொடங்குகிறது. ஆனால் சரக்குத் தட்டில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வளைவில் மூட்டை சரிந்தால் மேலே இருப்பவர் கதி என்ன? விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் வழக்கில் சிக்கும். நட்பின் பேரிலும் இதற்கு இடம் தரலாகாது.

நிற்கும் வண்டியின் செலவு

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கட்சியார், "இந்த வண்டி லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அதிகம் தருகிறது" என்கிறார்கள். மறு கட்சியார், "அந்த வண்டி இழுக்கும்" என்கிறார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டி எழுந்து, "தலைவரே, வண்டி ஓடாம நிக்கிற நாளிலே அதோட செலவு யார் தலையிலே விழும்?" என்று கேட்கிறார். இதைவிடச் சிறந்த கேள்வியை நிபுணரும் கேட்டிருக்க முடியாது.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். வண்டி விலை 10 லட்சம். 8 ஆண்டுக்குப்பின் 3 லட்சத்துக்கு விற்கலாம். எனவே ஆண்டுத் தேய்மானம் 87,500 ரூபாய். கடன் வட்டி 60,000. ஓட்டுநர் சம்பளம் மாதம் 18,000 வீதம் ஆண்டுக்கு 2,16,000. காப்பீடு, வரி, தகுதிச் சான்று முதலியன 56,500. ஆக மொத்தம் 4,20,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இத்தொகை செலவாகியே தீரும். இதனை நிலைச் செலவு என்போம். டீசல், டயர், எண்ணெய், பழுது ஆகியவற்றுக்கு ஒரு நடைக்கு 900 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். இது ஓட்டச் செலவு.

ஆண்டுக்கு 300 நடை ஓடினால், நிலைச் செலவு நடைக்கு 1,400 ரூபாய். ஓட்டச் செலவும் சேர்த்து 2,300 ரூபாய். ஒவ்வொரு நடையிலும் 1,500 கிலோ ஏற்றினால், கிலோவுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 53 காசு. 150 நடையே ஓடினால், நடைக்கு 3,700 ரூபாய். கிலோவுக்கு 2 ரூபாய் 47 காசு. 300 நடை ஓடியும் பாதிச் சுமையே ஏற்றினால், கிலோவுக்கு 3 ரூபாய் 7 காசு. பாருங்கள்! வண்டி ஒன்றே, சாலை ஒன்றே, ஓட்டுநரும் ஒருவரே. கூலி மட்டும் இரு மடங்காகிவிட்டது.

இப்போது அந்த ஒரு கிலோமீட்டர் வேறுபாட்டைப் பார்ப்போம். போக வர 80 கிலோமீட்டர் ஓடும் நடைக்கு, லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.6 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால், நடைக்கு ஏறக்குறைய 56 ரூபாய்; 300 நடைக்குச் சுமார் 16,800 ரூபாய். நாள் ஒன்றுக்கு ஒரு நடை என்று கொண்டால், ஒரு நாள் வண்டி நின்றால் நஷ்டம் 1,400 ரூபாய் என்று மேலே கண்டோம். ஆகவே, உதிரிப் பொருளுக்காகக் காத்து ஆண்டில் 12 நாள் வண்டி நின்றாலே, டீசலில் மிச்சமான தொகை முழுவதும் போய்விடும். அந்த 12 நாளும் பலா காலத்தில் அமைந்தால் பழத்தின் நஷ்டமும் சேரும். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கும் இரண்டு மூன்று நாட்களில் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் தரம் கெடும். ஜவ்வரிசி ஆலையில் விலை குறையும். மிளகும் காப்பியும் காத்திருக்கும். பழமும் கிழங்கும் காத்திரா.

இதனால் பெறப்படும் உண்மை யாதெனில், எந்த வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறையும் உதிரிப் பொருள்களும் நமக்கு அண்மையில் உள்ளனவோ, அதற்கே முதல் மதிப்பெண். பொலிரோ வரிசை நம் நாட்டில் நெடுங்காலமாக மிகுதியாக விற்பனையாகி வருவது. ஆதலால் அதன் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் கிடைப்பார்கள் என்பது அதற்குள்ள அனுகூலம். எனினும் இதை ஊகித்து முடிவு செய்யலாகாது. சங்கத்தின் சார்பில் இருவர் நேரில் சென்று, இரு கம்பெனிப் பட்டறைகளிலும் கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங், ஸ்பிரிங் பட்டை, எஞ்சினின் மின்சாரக் கருவிகள் ஆகியவை கையிருப்பில் உண்டா, இல்லையேல் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதி வரவேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

இரு கம்பெனி விற்பனையாளர்களும் வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட வண்டி தருவார்கள். அதனை ஷோரூம் வாசலில் சமவெளிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது பயனற்றது. நமது பாதையில் நமது சுமையோடு ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். சோதனையை இவ்வாறு நடத்தலாம்:

1. இரு வண்டிகளையும் ஒரே ஓட்டுநர் ஓட்ட வேண்டும். அவர் எந்தக் கட்சியையும் சேராதவராக இருத்தல் நலம்.

2. எடை மேடையில் நிறுத்துச் சரிபார்த்த 1,500 கிலோ மூட்டைகளை இரண்டிலும் ஒரே விதமாக ஏற்ற வேண்டும்.

3. தொட்டி நிறைய டீசல் பிடித்துப் புறப்பட்டு, திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி நிறைத்து, செலவான அளவைக் குறிக்க வேண்டும். வண்டியின் கண்ணாடித் திரை காட்டும் கணக்கை நம்பியிருக்க வேண்டாம்.

4. 70 வளைவுகளில் எத்தனை வளைவில் பின்னுக்கு எடுத்துத் திருப்ப நேர்ந்தது என்று எண்ணிக் குறிக்க வேண்டும்.

5. அடிவாரம் சேர்ந்தவுடன் நிறுத்தி, சக்கரங்களின் அருகே கருகல் வாடை வருகிறதா, பிரேக் மிதி முன்னைவிட ஆழமாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சூடேறிய பாகத்தைக் கையால் தொடலாகாது.

6. சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளரிடமும் தளத்தின் உயரம், கதவுகளின் வசதி ஆகியவை பற்றிக் கேட்டறிய வேண்டும். நாள்தோறும் மூட்டை தூக்குபவர் அவரே.

முள்ளுக்குறிச்சி வழியாகச் சரக்கு அனுப்பும் ஊரார் அந்தப் பாதையிலேயே இச்சோதனையை நடத்தலாம். முடிவுகளைத் தாளில் எழுதிப் பொதுக்குழுவின் முன் படிக்க வேண்டும். எண்கள் பேசத் தொடங்கினால் கட்சிகள் தாமே அடங்கும்.

எதை வாங்குவது?

மேற்கூறிய அனைத்தையும் தொகுத்துப் பார்ப்போம். நிறைந்த சுமையை மேலேயும் அடிக்கடி கொண்டுசெல்லும் சங்கத்திற்கு, யோதாவின் மிகுந்த முறுக்கு விசை பயன்படும். சமவெளியில் நெடுந்தூரச் சந்தைகளுக்குச் செல்வோருக்கும் அதன் 100 குதிரைத் திறன் உதவும். சரக்கை இறக்குவதையே முக்கிய வேலையாகக் கொண்டு, பலதரப்பட்ட எடைகளில் ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க விரும்பும் சங்கத்திற்கும், சிற்றூர் மெக்கானிக்கையே நம்பியிருக்கும் சங்கத்திற்கும் பொலிரோ மேக்ஸ் பொருந்தலாம். இரண்டும் சோதனையில் ஏறக்குறையச் சமமாக நின்றால், பட்டறை அருகில் உள்ளதையே வாங்குக. பாரத்தோடு இறங்கும் சோதனையில் எது தடுமாறுகிறதோ, அதை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

நடைகள் ஆண்டுக்கு 150ஐ எட்டா என்று தோன்றினாலோ, இரண்டையுமே வாங்காமல் வாடகை வண்டி பேசிக்கொள்வதே சிக்கனம். அண்டையிலுள்ள இரு சங்கங்கள் சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொள்வது அதைவிட மேலான வழி. விவசாயிகள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று வண்டி, அடிவாரத்து நெசவாளர் சங்கத்தின் நூலையும் துணியையும் ஒரு சுற்று ஏற்றிவிட்டு மலையேறினால், நிலைச் செலவு இரு சங்கங்களுக்கும் பங்காகும். கூட்டுறவின் பயன் இங்கே கண்கூடாகத் தெரியும்.

வண்டி வந்தபின் ஒரு நடை ஏடு வைத்தாக வேண்டும். தேதி, ஓட்டுநர், ஏற்றிய எடை, யாருடைய சரக்கு, டீசல், வண்டி நின்ற நாள், நின்ற காரணம் ஆகிய ஏழும் அதில் இருக்கட்டும். யாருடைய சரக்கு முதலில் போவது என்பதும் ஏட்டிலுள்ள வரிசைப்படியே அமையட்டும்; செல்வாக்குள்ளவரின் வாழை முந்திப் போய், விதவை ஒருத்தியின் பலா பிந்தி அழுகுமானால், எந்தக் கம்பெனி வண்டி வாங்கியும் பயனில்லை. அழியும் சரக்குக்கு முதலிடம். மற்றவற்றுக்குப் பதிவு வரிசை. இவ்விதி ஒன்றைப் பொதுக்குழு நிறைவேற்றிய பிறகே வண்டிக்கு முன்பணம் கட்டுவது உசிதம்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் சரக்கு எடைச் சுமையா, இடச் சுமையா? மேலே போவது எவ்வளவு, கீழே வருவது எவ்வளவு?

2. சென்ற ஆண்டில் வாடகை வண்டிகளுக்கு நாம் கொடுத்த தொகை என்ன? சொந்த வண்டியின் நிலைச் செலவுடன் அதை ஒப்பிட்டால் எது குறைவு?

3. நம் ஊரிலிருந்து இவ்விரு கம்பெனிகளின் பட்டறைகள் எவ்வளவு தூரத்தில் உள்ளன? ஒரு கிளட்ச் தட்டு எத்தனை நாளில் கிடைக்கும்?

4. இறக்கத்தில் கியர், சுமை அளவு, ஆள் ஏற்றாமை ஆகியவை பற்றி நம் ஓட்டுநருக்கு எழுத்து மூலமான விதி உண்டா? அவர் அவ்விதியைக் காத்து ஒரு நடை தாமதித்தால், நிர்வாகக் குழு அவருக்குத் துணை நிற்குமா?

நான்காம் வினாவுக்குச் சங்கம் மனப்பூர்வமாக "ஆம்" என்று விடை சொல்லுமானால், வண்டி எதுவாயினும் அது பத்திரமாக வீடு திரும்பும்.